தோற்பதற்கு ஒரு வரம்பு: போக்கர் போட்டிகள் பிறந்த கதை

பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கரில் போட்டிகள் வந்த வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரு கிரேக்கரிடமிருந்துதான் தொடங்குவார்கள். நிக் டான்டோலஸ், ‘நிக் தி கிரீக்’. கையில் பெருந்தொகையோடு லாஸ் வேகாஸ் வந்து இறங்கி, எவ்வளவு வேண்டுமானாலும் வைத்து ஆடத் தயார், எதிரில் உட்கார ஒரே ஒருவன் போதும் என்று கேட்டாராம். பென்னி பினியன் என்ற கேசினோ முதலாளி டெக்சாஸிலிருந்து தன் பழைய சிநேகிதர் ஜானி மாஸை வரவழைத்தாராம். தூங்க மட்டும் எழுந்துபோய் ஐந்து மாதம் ஆடினார்களாம், வேடிக்கை பார்க்கத் தினமும் கூட்டம் கூடியதாம், கடைசியில் லட்சக்கணக்கில் தோற்ற கிரேக்கர் எழுந்து, “மிஸ்டர் மாஸ், உங்களைப் போகவிட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு மாடிக்குத் தூங்கப் போனாராம்.

இத்தனை ‘ஆம்’ போடுவதற்குக் காரணம் இருக்கிறது. இது 1949-ல் பினியனுடைய ஹார்ஸ்ஷூ கேசினோவில் நடந்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆனால் ஹார்ஸ்ஷூ திறந்ததே 1951-ல்தான். சரி, 1951 என்றே வைத்துக்கொள்வோம் என்பார்கள் சிலர். போக்கர் வரலாற்றை நோண்டிப் பார்த்தவர்களில் பலர் இந்தக் கதையை, குறைந்தபட்சம் சொல்லப்படும் இந்த வடிவத்தில், நம்புவதில்லை. மாஸுக்கும் பினியனுக்கும் இந்தக் கதையால் லாபம் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் நடந்ததோ இல்லையோ, கதைக்குள் ஒரு வியாபார உண்மை இருக்கிறது: போக்கரில் கேசினோவுக்குப் பெரிய வருமானம் இல்லை, வேடிக்கை பார்க்க வரும் கூட்டத்தில்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்புகிறவன் பக்கத்திலிருக்கும் பகடை மேஜையில் நூறு டாலரை விட்டுவிட்டுப் போவான். பினியனுக்கு இது நன்றாகத் தெரியும். பத்தாயிரம் டாலர் நோட்டுகள் நூற்றைக் கண்ணாடிக்குள் அடுக்கி, பெரிய குதிரை லாடத்துக்குள் மாட்டி, ‘பத்து லட்சம் டாலர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூட்டத்தை உள்ளே இழுத்த ஆள் அவர்.

பினியன் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டல்லாஸில் சட்டவிரோதச் சூதாட்டத்தை நடத்திக்கொண்டிருந்த தாதா. 1931-ல் ஒரு சாராயக் கடத்தல்காரரைச் சுட்டுக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்று, அது நிறுத்தி வைக்கப்பட்டதால் வெளியே நடமாடியவர். 1946 வாக்கில் ஊரில் அரசியல் காற்று மாறியதும் குடும்பத்தோடு நெவாடாவுக்குக் கிளம்பினார். அங்கே 1931 முதலே சூதாட்டம் சட்டப்படி நடக்கும் தொழில். ஹார்ஸ்ஷூவைத் திறந்த கொஞ்ச காலத்தில் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போய் 1957-ல் திரும்பினார். அதன் பிறகு உரிமம் அவர் பெயரில் இல்லை. காகிதத்தில் பிள்ளைகள் ஜாக்கும் டெட்டும் முதலாளிகள், பென்னி கீழே உணவகத்தில் கௌபாய் தொப்பியோடு உட்கார்ந்து வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். போக்கர் போட்டியைப் பொறுமையாக நடத்திக் கட்டியெழுப்பியது உண்மையில் மூத்தவர் ஜாக் பினியன்தான். அப்பாவின் கதைகள் அதிக ருசியாக இருப்பதால் மகனுக்குச் சேர வேண்டிய பெயர் பாதிதான் சேர்ந்தது.

ஆடியவர்கள் யார்? இங்கேதான் ‘தொழில்முறை ஆட்டக்காரர்’ என்ற சொல் இன்றைக்குத் தருகிற படத்தை மறக்க வேண்டியிருக்கிறது. டாயில் புரூன்சன், அமரில்லோ ஸ்லிம் என்று அழைக்கப்பட்ட தாமஸ் பிரஸ்டன், பிரையன் ‘செய்லர்’ ராபர்ட்ஸ் ஆகிய மூவரும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஒரே காரில் டெக்சாஸும் சுற்றுவட்டார மாநிலங்களும் அலைந்து, ஒரே பண மூட்டையை மூவருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு ஆடியவர்கள். அங்கே காசு வைத்து ஆடுவது சட்டவிரோதம், ஆகவே ஆட்டம் எந்தக் கடையின் பின்கட்டில் நடக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. அப்புறம் சீட்டில் கள்ளத்தனம் இல்லாத ஆட்டமா என்று பார்க்க வேண்டும், ஜெயிக்க வேண்டும், ஜெயித்த பணத்தை வழிப்பறிக்காரனிடமோ உள்ளூர் போலீஸிடமோ பறிகொடுக்காமல் ஊரைத் தாண்ட வேண்டும். இவர்கள் துப்பாக்கி முனையில் பணம் இழந்தது ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. புரூன்சன் கல்லூரியில் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர், விபத்தில் கால் முறிந்து அந்தக் கனவு போனது. கல்வியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். ஆனாலும் ஊரில் என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்டால் வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்குப் பெயர் பத்திரிகையில் வருவது நல்ல சேதி அல்ல. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், தேவாலயத்தில் பேசுவார்கள், வரித்துறை எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் விட மோசம், அடுத்த ஊரில் பணக்கார விவசாயி ஒருவர் ‘ஓ, நீதானா அந்த ஆள்’ என்று எழுந்து போய்விடுவார். யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இவர்களுடைய முதலீடு. உலகப் பட்டம், கோப்பை, கேமரா எல்லாம் இவர்களாகக் கேட்டு வந்தவை அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அதற்குப் பின் நடந்த பல விசித்திரங்களுக்கு அர்த்தம் புரியும்.

1969-ல் நெவாடாவின் ரீனோ நகரில் ஹாலிடே என்ற கேசினோவை நடத்திய டாம் மோர், டெக்சாஸ்காரர், ‘டெக்சாஸ் சூதாடிகள் சங்கமம்’ என்ற பெயரில் தெரிந்த பெரிய கைகளையெல்லாம் கூப்பிட்டார். ஆள் வராத பருவத்தில் விடுதி நிரம்பட்டுமே என்ற எண்ணம். பென்னியும் போயிருந்தார். வந்தவர்கள் தங்களுக்குள் பெரிய தொகை வைத்து ஆடினார்கள், கலைந்தார்கள். மோர் கேசினோவை விற்றுவிட்டார், இதைத் தொடரும் ஆசை அவருக்கு இல்லை. நாங்கள் நடத்திக்கொள்கிறோம் என்று பினியன் குடும்பம் எடுத்துக்கொண்டது. 1970-ல் லாஸ் வேகாஸில், பேஸ்பால் போட்டியிலிருந்து பெயரைக் கடன் வாங்கி, ‘வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்’ தொடங்கியது.

அந்த முதல் வருடம் நடந்ததைப் போட்டி என்றே சொல்ல முடியாது. அழைத்தவர்கள் வந்து ஐந்து விதமான போக்கர் ஆடினார்கள், அவரவர் சொந்தப் பணத்தில், வழக்கமான காசு ஆட்டம். கடைசியில் யார் சிறந்தவர் என்று ஆடியவர்களையே வாக்களிக்கச் சொன்னார்கள். ஜானி மாஸ் தேர்வானார், வெள்ளிக் கோப்பை கிடைத்தது. எல்லோரும் முதலில் தனக்குத் தானே வாக்குப் போட்டுக்கொண்டதால், ‘சரி, இரண்டாவது சிறந்தவர் யார்’ என்று திரும்பக் கேட்டு முடிவெடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சொன்னவர்கள் எல்லாம் கதை விடுவதில் மன்னர்கள், ஆகவே அதை அந்த அளவில் வைத்துக்கொள்வோம்.

வாக்கெடுப்பில் முடிகிற ஒன்றைப் பத்திரிகைக்காரன் எப்படி எழுதுவான்? லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர் டெட் தாக்ரே இதைத்தான் பினியன்களிடம் சொன்னதாகச் சொல்வார்கள்: ஜெயித்தவன் தோற்றவன் என்று தெளிவாகத் தெரிய வேண்டும், அப்போதுதான் செய்தி. வழி ஒன்று ஏற்கெனவே இருந்தது. வால்டர் ‘பக்கி’ பியர்சன், டென்னசியில் வறுமையில் வளர்ந்து பள்ளிப்படிப்பை ஆரம்ப வகுப்புகளோடு நிறுத்தியவர், பல வருடங்களாக இந்த யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே தொகையைக் கட்டி ஒரே அளவு சிப் (பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லை) வாங்கிக்கொள்வது, சிப் தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும், மறுபடி பணம் போட்டு உட்கார முடியாது, மொத்தச் சிப்பும் ஒருவனிடம் சேரும்வரை ஆட்டம். இதற்கு ஃப்ரீஸ்அவுட் என்று பெயர்.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் காசு ஆட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். காசு ஆட்டத்தில் மேஜையில் இருக்கிற சிப் ஒவ்வொன்றும் பணம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து மாற்றிக்கொண்டு போகலாம், தோற்றால் சட்டைப் பையில் கைவிட்டு இன்னும் எடுக்கலாம். அதனால் ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று கிடையாது, அதைவிட முக்கியமாகத் தோல்விக்கு வரம்பு கிடையாது. கெட்டிக்காரர்கள் ஆறு பேர் நடுவில் தெரியாத்தனமாக உட்கார்ந்தவன் விடிவதற்குள் வீட்டுப் பத்திரத்தை எழுதிக் கொடுக்கும் நிலைக்குப் போவது இப்படித்தான். போட்டியில் அது நடக்காது. கட்டிய தொகை போனால் போனது, அதற்கு மேல் ஒரு பைசா போகாது. உட்காருவதற்கு முன்பே அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று தெரியும். என் பார்வையில் போக்கர் போட்டி என்ற கண்டுபிடிப்பின் சாரமே இதுதான். பட்டம், கோப்பை எல்லாம் அதன் மேல் ஒட்டிய அலங்காரம். ஆனால் கண்டுபிடித்தவர்களே இதைப் புரிந்துகொண்டு பயன்படுத்தப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

இன்னொரு பொறியையும் சொல்லிவிடுகிறேன், இது இல்லாமல் போட்டி நகராது. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டாயமாக நடுவில் வைக்க வேண்டும், இதை பிளைண்ட் என்பார்கள். காசு ஆட்டத்தில் இந்தத் தொகை மாறாது. போட்டியில் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும். நல்ல சீட்டு வரட்டும் என்று காத்திருப்பவனின் சிப், ஒன்றும் செய்யாமலே கரையும். அப்படி ஏற்றாமல் விட்டால் பொறுமைசாலிகள் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து வாரக்கணக்கில் இழுப்பார்கள்.

1971-ல் இந்த முறையில் முதல் போட்டி. கட்டணம் 5,000 டாலர், ஆடியவர்கள் 6 பேர், பரிசு 30,000 டாலர், ஜெயித்தது மறுபடியும் மாஸ். ஆட்டவகை டெக்சாஸ் ஹோல்டம், பந்தயத் தொகைக்கு வரம்பு இல்லாத வகை. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து. டெக்சாஸின் ராப்ஸ்டவுன் தன்னை இதன் பிறந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறது, மாநிலச் சட்டமன்றமும் 2007-ல் அதை ஏற்றுத் தீர்மானம் போட்டது. லாஸ் வேகாஸுக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்தது 1963 வாக்கில்தான். டெக்சாஸ்காரர்கள் நடத்திய போட்டியில் டெக்சாஸ் ஆட்டம் பெரிய பட்டத்துக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. வேடிக்கை பார்ப்பவனுக்கும் இது வசதி: ஏழில் ஐந்து சீட்டு அவன் கண்ணெதிரே இருக்கிறது.

1972-க்கு வருவோம், இந்தக் கதையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வருடம். கட்டணத்தை 10,000 டாலராக ஏற்றினார்கள், அதில் பாதியை ஹார்ஸ்ஷூவே போட்டது. 8 பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியது புரூன்சன், பக்கி பியர்சன், அமரில்லோ ஸ்லிம். உலகப் பட்டம் எட்டும் தூரத்தில் இருக்கிறது, மூவரில் இரண்டு பேருக்கு அது வேண்டாம். ஜெயித்தால் கேமரா வரும், பெயர் வரும், ஊரில் அம்மா அப்பாவுக்குத் தெரியும். புரூன்சனே பிற்பாடு இதை வெளிப்படையாகச் சொன்னார். மூவரும் கூடிப் பேசி, பணத்தைச் சிப் கணக்குப்படி பிரித்துக்கொண்டு பட்டத்தை ஸ்லிம்முக்கு விட்டுக்கொடுப்பது என்று ஏற்பாடு. புரூன்சன் வயிற்றுவலி என்று காரணம் சொல்லி, தன் சிப்புக்கு உரிய பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். மீதி இருவர் ஆடி முடித்தார்கள், பதிவேட்டில் ‘வெற்றி ஸ்லிம், பரிசு 80,000 டாலர்’ என்று ஏறியது. அந்த முழுத் தொகையும் அவர் கைக்குப் போகவில்லை என்பது உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

இன்றைய கண்ணுக்கு இது மோசடி. அன்றைக்கு அவர்களுக்கு அப்படித் தோன்றவே இல்லை, ஏனென்றால் போட்டியே பினியன் குடும்பத்துக்கு நடத்திக் கொடுத்த ஒரு விளம்பரக் காட்சி மாதிரிதான் அவர்களுக்கு. உண்மையான பணம் பக்கத்து மேஜைகளில், போட்டியைச் சுற்றி இரவு பகலாக நடந்த காசு ஆட்டங்களில் புரண்டது. போட்டிக்காக வந்து சேரும் பணக்காரர்களைப் பிடிக்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள். அதோடு, ஒருவர் வெற்றியில் இன்னொருவருக்குப் பங்கு என்று முன்கூட்டியே மாற்றி எழுதிக்கொள்வது இவர்களுக்குள் சாதாரணம். ‘ஜெயிப்பவனுக்கே எல்லாம்’ என்று விளம்பரப் பலகையில் இருக்கும், உள்ளே ஆளுக்கு நாலு பேரிடம் பங்கு இருக்கும்.

ஆனால் ஸ்லிம்மைத் தேர்ந்தெடுத்ததில் மூவருக்கும் கூடத் தெரியாமல் பினியனுக்கு லாட்டரி அடித்தது. ஸ்லிம் ஒல்லி, உயரம், பெரிய தொப்பி, வாயைத் திறந்தால் பழமொழி. ஜானி கார்சனின் இரவு நேர டிவி நிகழ்ச்சிக்கு அழைத்தார்கள், கேட்டவர்கள் சிரித்து உருண்டார்கள், திரும்பத் திரும்ப அழைத்தார்கள். டேபிள் டென்னிஸில் பேட்டுக்குப் பதில் இரும்புத் தோசைச்சட்டி மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு பந்தயம் ஜெயித்தேன் என்கிற ரகக் கதைகள். இருட்டில் நடக்கிற ஒரு தொழிலைக் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டே பேசக்கூடிய விஷயமாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. சீட்டில் அவரைவிடத் திறமைசாலிகள் அந்த மேஜையிலேயே இரண்டு பேர் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

1973-ல் 13 பேர். அந்த முறை பட்டம் பக்கிக்கு, சிபிஎஸ் தொலைக்காட்சி படம் பிடித்தது. அதே வருடம் நெவாடா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுக்காகப் பேசிய பென்னி, போன வருடம் 7 பேர், இந்த வருடம் 13, அடுத்த வருடம் 20-க்கு மேல் வருவார்கள், ஒரு நாள் 50 பேர்கூட வரலாம், அதற்கு மேலும் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். போன வருடம் ஆடியவர்கள் 8 என்கிறது பதிவேடு. முதலாளிக்கே கணக்கு சரியாக நினைவில்லாத அளவுக்குச் சின்ன விவகாரம் அது.

அதன்பின் மெதுவாக ஏறியது: 1974-ல் 16, 1975-ல் 21, 1976-ல் 22, 1977-ல் 34. மாஸ் மூன்றாவது முறை, செய்லர் ராபர்ட்ஸ் ஒருமுறை, பிறகு தொடர்ந்து இரண்டு தடவை புரூன்சன். பட்டம் வேண்டாம் என்று ஓடியவர் நாலே வருடத்தில் அதை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார் என்றால், இடையில் ஊரின் பார்வை எவ்வளவு மாறியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு வருடமும் கடைசிச் சுற்றில் அவர் கையில் இருந்தது பத்தும் இரண்டும், போக்கரில் பொதுவாகப் பார்த்தவுடன் தூக்கிப்போட வேண்டிய சீட்டு. 1976-ல் எதிராளி ஜெஸ்ஸி ஆல்ட்டோவிடம் ஏஸும் ஜாக்கும், நடுவில் திறந்த முதல் மூன்று சீட்டே ஏஸ், ஜாக், பத்து. ஆல்ட்டோ நன்றாக முந்தியிருந்தார். அடுத்து இரண்டு, அதற்கடுத்து பத்து. முடிந்தது, புரூன்சன் ஜெயித்தார். இன்றும் அந்த ஜோடிச் சீட்டை ‘டாயில் புரூன்சன்’ என்றே சொல்வார்கள். ஜெயித்தவருக்குக் கைச்சங்கிலி கொடுக்கும் வழக்கமும் 1976-ல் தொடங்கியதுதான். பெண்களுக்குத் தனிப் போட்டி 1977-ல் வந்தது. அடுத்த வருடமே பார்பரா ஃப்ரீர் பெரிய போட்டியில் ஆண்களோடு உட்கார்ந்தார்.

இதுவரைக்கும் பரிசு முழுக்க ஒருவருக்கே. 34 பேர் ஆளுக்கு 10,000 கட்டினால் 340,000 டாலரும் முதலாமவருக்கு, இரண்டாவது வந்தவர் கையை உதறிக்கொண்டு போக வேண்டும். தங்களுக்குள் பங்கு மாற்றிக்கொள்ளும் பழைய கூட்டாளிகளுக்கு இதில் பிரச்சினை இல்லை. வெளியாளுக்குத்தான் பிரச்சினை, அவனோடு யாரும் பங்கு மாற்றமாட்டார்கள். 1978-ல் இதை மாற்றினார்கள். அன்று வந்தவர்கள் 42 பேர், சேர்ந்த 420,000 டாலரில் பாதி முதல் பரிசு, மீதி இரண்டிலிருந்து ஐந்தாம் இடம்வரை. 210,000 டாலரோடு போன பாபி பால்ட்வினுக்கு வயது இருபத்தெட்டைத் தாண்டவில்லை, டெக்சாஸ் கிழவர்கள் நடுவில் ஓக்லஹோமாவிலிருந்து வந்த இளைஞர். சில வருடங்களில் அவர் கோல்டன் நகெட் கேசினோவின் தலைவரானார். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நிரந்தர லாபம் என்று சரியாகக் கணக்குப் போட்ட சாம்பியன் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

அதே 1978-ல் புரூன்சன் தொழில் ரகசியங்களையெல்லாம் போட்டு, சக ஆட்டக்காரர்கள் சிலரையும் எழுத வைத்து, சொந்தச் செலவில் ஒரு தடிமனான புத்தகம் வெளியிட்டார். விலை 100 டாலர். நஷ்டம்தான், ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு: இதுவரை காரில் அலைந்து அடிபட்டுக் கற்ற விஷயங்கள் படித்த எவனுக்கும் கிடைத்துவிட்டன. எழுதியிருக்கவே கூடாது என்று அவரே பின்னாளில் அலுத்துக்கொண்டிருக்கிறார்.

1979-ல் நடந்தது அந்தப் புத்தகத்தால் அல்ல, ஆனால் நேரம் பொருந்தியது. ஹால் ஃபௌலர் என்று கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு விளம்பரத் துறைக்காரர். தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. 54 பேரில் அவரும் பாபி ஹாஃப் என்ற டெக்சாஸ்காரரும் மிஞ்சினார்கள், நீண்ட நேரம் இழுத்தது. கடைசிச் சுற்று இப்படி: ஹாஃபிடம் இரண்டு ஏஸ், ஹோல்டமில் இதற்கு மேல் தொடக்கச் சீட்டே கிடையாது. ஃபௌலரிடம் ஏழும் ஆறும், ஒரே சின்னத்தில்கூட இல்லாதவை. நடுவில் ஜாக், மூன்று, ஐந்து. ஹாஃப் பந்தயத்தை ஏற்றுகிறார். ஃபௌலருக்கு நாலு வந்தால் மட்டும் மூன்று முதல் ஏழுவரை வரிசை சேரும், வேறு எது வந்தாலும் அநேகமாகக் கதை முடிந்தது. அடுத்த சீட்டில் அது விழ வாய்ப்பு பதினொன்றில் ஒன்று. தொழில்காரன் யாராக இருந்தாலும் கீழே போட்டிருப்பான். ஃபௌலர் பணத்தை வைத்தார். நாலு விழுந்தது.

மேஜையைச் சுற்றி நின்ற பழைய ஆட்களுக்கு எரிச்சல் இருந்திருக்கும். ஆனால் அந்த ஒரு சீட்டு கேசினோவுக்குச் செய்த நன்மையை எந்த விளம்பரமும் செய்திருக்காது. மூன்று நாலு நாள் ஆட்டத்தில், சிப் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும் இடத்தில், கத்துக்குட்டியும் மன்னனை வெல்லலாம். மாதக்கணக்கில் காசு ஆட்டம் ஆடினால் ஹாஃப் மாதிரி ஒருவர் ஃபௌலரைத் துடைத்துப் போட்டுவிடுவார், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. போட்டி என்ற அமைப்பு அந்த நீண்ட கணக்கைக் குறுக்கி வெட்டுகிறது. திறமைசாலிகளுக்கு இது அநியாயம், வெளியே நிற்பவனுக்கு இதுதான் அழைப்பிதழ். அடுத்த வருடமே வந்தவர்கள் 73 பேர்.

அந்த 1980-ல் ஜெயித்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த ஸ்டூ அங்கர், பார்க்கப் பள்ளிப் பையன் மாதிரி இருப்பார். அவர் ஜின் ரம்மியில் எமன், நம் ஊர் ரம்மிக்குச் சொந்தக்கார ஆட்டம்தான் அது. எதிரில் உட்கார ஆளே கிடைக்காமல் போனதால் போக்கருக்கு வந்தார் என்பார்கள். இறுதியில் புரூன்சனைத் தோற்கடித்தார். ஒரு போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே நாளுக்கு நாள் ஆட்டம் தேறுகிற ஒருவனை அப்போதுதான் முதலில் பார்த்தேன் என்றார் புரூன்சன். 1981-லும் அங்கரே. 1982-ல் ஜாக் ஸ்ட்ராஸ், ஆறரை அடி உயரம். எல்லா சிப்பும் போய்விட்டது என்று எழுந்தவர், ஓரத்தில் ஒற்றை 500 டாலர் சிப் கிடப்பதைப் பார்த்தார், ‘எல்லாம் வைக்கிறேன்’ என்று வாயால் சொல்லாததால் தொடர விட்டார்கள், அதை வைத்தே மேலேறிப் பட்டம் வாங்கினார் என்பது ஊரறிந்த கதை. அந்த வருடம்தான் முதன்முறையாக நூறைத் தாண்டி 104 பேர்.

இதற்குள் மற்றவர்களும் கடை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஸ்லிம் 1979-ல் தன் பெயரில் ‘சூப்பர் பௌல் ஆஃப் போக்கர்’ ஆரம்பித்தார், பத்து வருடத்துக்கு மேல் அதுதான் இரண்டாவது பெரிய போட்டி. டப்ளினில் டெர்ரி ரோஜர்ஸ் என்ற பந்தயத் தரகர் லாஸ் வேகாஸில் பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுபோய் ஐரிஷ் ஓபனைத் தொடங்கினார்.

சரி, ஆனால் 10,000 டாலர் என்பது அப்போது ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் பல மாத வருமானம். ஃபௌலரைப் பார்த்து ஆசை வந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கட்ட முடியும்? இந்த முடிச்சை அவிழ்த்தவர் போட்டிகளை நடத்திவந்த எரிக் டிராக். பெரிய போட்டிக்கு ஆள் போதவில்லை என்ற யோசனையில் இருந்தவர், பத்துப் பேர் உட்கார்ந்த ஒரு சின்ன மேஜையைப் பார்க்கிறார், ஆளுக்குச் சுமார் ஆயிரம் டாலர் எதிரில் இருக்கிறது. நீங்கள் பத்துப் பேரும் தலைக்கு ஆயிரம் வைத்து ஒரு குட்டி ஃப்ரீஸ்அவுட் ஆடுங்கள், ஜெயிப்பவர் பத்தாயிரத்தோடு பெரிய போட்டிக்குப் போகட்டும் என்றார். சாட்டிலைட் என்று இன்று சொல்வது இதுதான். வரம்புள்ள நஷ்டத்துக்குள் இன்னும் சின்ன வரம்பு. கேசினோ தன் பணத்தை ஒரு டாலர்கூடப் போடவில்லை, ஆட்டக்காரர்களே தங்கள் நுழைவுக் கட்டணத்தை ஒருவனுக்குச் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 1972-ல் பினியன் பாதிக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து போட்டு எட்டுப் பேரைச் சேர்த்ததோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

1983-ல் இது பலன் தந்தது. 108 பேரில் கடைசியில் மூன்று பேர்: புரூன்சன், ராட் பீட், டாம் மெக்எவாய். பின்னவர்கள் இருவரும் சாட்டிலைட்டில் ஜெயித்து உள்ளே வந்தவர்கள். மெக்எவாய் மிச்சிகனில் கணக்காளராக இருந்து வேலை போனபின் குடும்பத்தோடு லாஸ் வேகாஸ் வந்தவர். புரூன்சன் மூன்றாவதாக எழுந்தார், மற்ற இருவரும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இழுத்தார்கள், மெக்எவாய்க்கு 540,000 டாலர்.

அதற்கடுத்த இருபது வருடத்தில் தொகைகள் ஏறின, 1991-ல் முதல் பரிசு பத்து லட்சம் டாலரைத் தொட்டது. மறைவுச் சீட்டைக் காட்டும் கேமரா 1999-ல் பிரிட்டிஷ் டிவியில் வந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிகிற ஆட்டமாக மாறியது. ஆனால் அமைப்பில் புதிதாகச் சேர்ந்தது அதிகம் இல்லை. 2003-ல் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர் இணையத்தில் 86 டாலர் சாட்டிலைட்டில் தொடங்கி, 839 பேர் ஆடிய போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்ததை ஏதோ புதுயுகம் மாதிரி எழுதினார்கள். உட்காரும் மேஜை கணினிக்குள் போயிருந்தது, அவ்வளவுதான். கணக்கு டிராக் போட்டுக் கொடுத்த அதே கணக்கு.